ஜாம்ஷெட்பூர்: ஊரின் வரலாறும் மக்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாம்ஷெட்பூர் சரியாக எங்கே இருக்கிறது?

ஜார்க்கண்டின் தென்கிழக்கில், கிழக்கு சிங்பூம் மாவட்டத்தின் தலைநகர் அது. ஹவுராவிலிருந்து மும்பை செல்லும் ரயில் பாதையில் 250 கி.மீ. போனால் டாடாநகர் நிலையம் வரும். சுற்றுவட்டாரத்தில் ஊரையே 'டாடா' என்றுதான் சொல்வார்கள். பேருந்து நடத்துநர் கூவுவதும் அப்படித்தான்.

வடக்கே சுபர்ணரேகா, மேற்கே கர்காய் என இரண்டு ஆறுகள் ஊரை அணைத்துக்கொண்டு ஓடுகின்றன. ஒடிசாவின் மயூர்பஞ்ச் பக்கமிருந்து வரும் கர்காய், சோனாரியின் ஓரத்தில் தோமுஹானி என்னும் இடத்தில் சுபர்ணரேகாவில் கலக்கிறது. சுபர்ணரேகாவைப் பாலத்தில் கடந்தால் மாங்கோ, அதற்கும் அப்பால் தல்மா மலை. கர்காயைக் கடந்தால் ஆதித்யபூர். ஆனால் ஆதித்யபூர் சராய்கேலா-கர்சவான் என்ற வேறு மாவட்டத்தில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்கில் பாதிக் குழப்பம் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

உருக்காலைக்கு ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்?

தாது, நிலக்கரி, தண்ணீர், ரயில் ஆகிய நான்கும் கூடிவந்த இடம் அது. ஜாம்செட்ஜி டாடா முதலில் மத்திய இந்தியாவின் சாந்தா பகுதியைத்தான் கருதியிருந்தார். 1904 பிப்ரவரியில் நிலவியலாளர் பி.என். போஸ், மயூர்பஞ்ச் சமஸ்தானத்தின் கோருமஹிசானி மலையில் உயர்தர இரும்புத்தாது இருப்பதைக் கடிதம் எழுதித் தெரிவித்தார். அதே ஆண்டு மே மாதம் ஜாம்செட்ஜி ஜெர்மனியில் காலமானார். வேலையை எடுத்து நடத்தியவர்கள் மகன் தோராப்ஜி டாடாவும், அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் பேஜ் பெரினும், நிலவியலாளர் சி.எம். வெல்டும்.

தாது தெற்கே கோருமஹிசானியில். உலைக்கு எரிபொருளான கோக் சுடுவதற்கான நிலக்கரி வடக்கே ஜரியாவில். இரண்டுக்கும் நடுவில் பெங்கால்-நாக்பூர் ரயில்வேயின் மீது ஓர் இடம் வேண்டும். சீனி என்ற ஊரை முதலில் பார்த்தார்கள், அங்கே தண்ணீர் போதவில்லை. ஊதுலைக்கும் நீராவிக்கும் கோக் அணைக்கவும் ஆண்டு முழுவதும் ஓயாமல் தண்ணீர் தேவை. இந்த ஆறுகளோ மழைக்காலத்தில் கரைபுரண்டு, கோடையில் பாறைகளுக்கு நடுவே ஓடையாகச் சுருங்குபவை. இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் அணைகட்டித் தேக்கினால் கோடையைத் தாண்டலாம் என்பதால்தான் காளிமாட்டி ரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த சாக்சி என்ற கிராமம் தேர்வானது.

ஆலைக்கு முன்னால் அங்கே வெறும் காடுதானே இருந்தது?

இல்லை. இந்தக் கேள்விக்கான பதிலைப் பல நூல்களே தவறாகச் சொல்வதால் அழுத்திச் சொல்கிறோம். அங்கே ஊர்கள் இருந்தன. சாக்சி, பெல்டி, காசிடி, சுஸ்னிகரியா, ஜோஜோபேரா, கோல்முரி, சோனாரி, உலியான் ஆகியவை அவற்றில் சில. இன்று பேட்டைகளின் பெயராக வழங்குபவற்றில் பல, ஒரு காலத்தில் வயலும் குளமும் சர்னா என்னும் புனிதத் தோப்பும் கொண்ட கிராமங்கள். ஹோ, சந்தால், பூமிஜ் ஆதிவாசிகளும், குர்மி மஹதோக்களும், குயவர், நெசவாளர் குடும்பங்களும் அங்கே வாழ்ந்தார்கள். நிலம் தல்பூம் ஜமீனுக்கு உட்பட்டது.

அரசு நிலக் கையகப்படுத்தல் சட்டத்தின் கீழ் முதலில் சுமார் 3,500 ஏக்கரை எடுத்துக் கம்பெனிக்குக் கொடுத்தது. முதல் உலகப்போரை ஒட்டி நடந்த விரிவாக்கத்தின்போது மேலும் பல மடங்கு நிலம் சேர்ந்தது. இழப்பீடு பெரும்பாலும் ஒருமுறை கொடுத்த பணம். நிலத்தை விட்டவர்களுக்குத் தொழில் தெரிந்த வேலை கிடைக்கவில்லை. மண் சுமக்கும் கூலி வேலைதான் கிடைத்தது. ஊரின் வரலாற்றை முதல் உலையிலிருந்து தொடங்கினால், அந்த நிலத்துக்கு உரியவர்கள் கதையிலேயே வரமாட்டார்கள். அது பெரிய அநீதி.

முக்கியமான ஆண்டுகள் எவை?

1907 ஆகஸ்ட் 26: டாடா இரும்பு எஃகு கம்பெனி (டிஸ்கோ, இன்றைய டாடா ஸ்டீல்) பதிவானது. லண்டனில் கிடைக்காத மூலதனம் இந்தியாவில் கிடைத்தது. சுமார் 8,000 இந்தியர்கள் பங்கு வாங்கி, மூன்றே வாரத்தில் 2 கோடியே 32 லட்சம் ரூபாய் சேர்ந்தது. 1908 பிப்ரவரியில் சாக்சியில் முதல் முளை அடித்தார்கள். 1911 டிசம்பர் 2 அன்று முதல் வார்ப்பிரும்பு வந்தது. 1912 பிப்ரவரியில் முதல் எஃகு. ஆண்டுக்கு 1,60,000 டன் வார்ப்பிரும்பு, 1,00,000 டன் எஃகு என்பது முதல் ஆலையின் திட்டமிட்ட திறன்.

முதல் உலகப்போரில் மெசபடோமியா, எகிப்து முனைகளுக்குத் தண்டவாளம் இங்கிருந்து போனது. அதற்கு நன்றியாக 1919 ஜனவரி 2 அன்று வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். காளிமாட்டி நிலையம் டாடாநகர் ஆனது. பழைய பெயர்கள் அழிந்துவிடவில்லை. சாக்சி இன்றும் ஊரின் பெரிய கடைத்தெரு.

எந்தெந்த இனத்தார், எங்கிருந்து, எந்த வேலைக்கு வந்தார்கள்?

ஜாம்ஷெட்பூரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வி போதும். ஊரின் இனக்கலப்பு தானாக வளர்ந்ததல்ல. ஆலையில் எந்த வேலைக்கு எங்கே ஆள் கிடைத்ததோ அதன்படி உருவானது.

மேலே வெளிநாட்டவர். நிர்வாகத்திலும் ஊதுலையிலும் அமெரிக்கர்கள், எஃகு உருக்கும் பிரிவில் ஜெர்மானியர்கள், உருட்டாலையில் ஆங்கிலேயர்கள். 1914இல் போர் மூண்டதும் ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. 1921இல் தொழில்நுட்பப் பயிலகம் தொடங்கியபின் இந்தியர்கள் படிப்படியாக அந்த இடங்களுக்கு வந்தார்கள். ஆனாலும் முதல் இந்தியப் பொது மேலாளராக ஜஹாங்கீர் காந்தி பொறுப்பேற்க 1938 ஆகிவிட்டது.

அலுவலகக் கணக்கும் எழுத்தும் பெரும்பாலும் வங்காளிகளிடம். ஆங்கிலப் படிப்பு, கொல்கத்தாவின் அருகாமை இரண்டும் அவர்களுக்குத் துணை. ஃபிட்டர், டர்னர், தச்சர், ஒப்பந்தக்காரர் என வந்தவர்களில் பஞ்சாபிகள் அதிகம், குறிப்பாகச் சீக்கியர்கள். கொதிக்கும் உலை முன்னால் நிற்கும் கடின வேலைக்கு போஜ்பூரி பேசும் பீகார், ஐக்கிய மாகாண மாவட்டங்களிலிருந்து ஆள் வந்தார்கள். காவலுக்கு நேபாளிகளும் பட்டாணியரும். கடைவீதி மார்வாடிகளிடமும் குஜராத்திகளிடமும். பார்சிகள் எண்ணிக்கையில் சிலர், நிர்வாகத்தில் செல்வாக்கு மிக்கவர்கள். ஒடியர்களும், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்துத் தெலுங்கர்களும் ரயில் பாதையைப் பிடித்து வந்தார்கள்.

மண்ணும் தாதுவும் சுமந்தவர்கள் ஆதிவாசிகளும் சத்தீஸ்கர் ஆட்களும். அவர்களில் பெண்கள் ஏராளம். 'ரேஜா' என்று அழைக்கப்பட்ட அவர்கள் ஆண் கூலியை விடக் குறைந்த கூலிக்குத் தலையில் கூடை சுமந்தார்கள். சுமக்கும் வேலையை இயந்திரங்கள் எடுத்துக்கொண்டபோது முதலில் வேலையிழந்தவர்களும் அந்தப் பெண்கள்தான். ஆண்களுக்கு வேறு பிரிவுக்கு மாற வழி இருந்தது, அவர்களுக்கு இல்லை.

பிறகு இன்னொரு வழக்கம் இந்த அமைப்பை இறுக்கியது. நீண்டகாலம் வேலை செய்தவரின் பிள்ளைக்கு வேலையில் முன்னுரிமை. இதனால் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை ஒரே கம்பெனியில் இருப்பது சாதாரணம். யாருடைய தாத்தா 1920இல் உள்ளே நுழைந்தாரோ அவருடைய சமூகம் 1980இலும் உள்ளே இருந்தது. நுழையாதவர்கள் வெளியே இருந்தார்கள். தனி மாநிலம் கேட்ட ஜார்க்கண்ட் இயக்கத்தின் கோபத்துக்கு இதிலிருந்து நேரான பாதை உண்டு. அந்த இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவரான நிர்மல் மஹதோ 1987 ஆகஸ்டில் இந்த ஊரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

மக்கள்தொகை எவ்வளவு? ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வோர் எண் இருக்கிறதே?

எல்லா எண்களும் சரியாக இருக்கக்கூடும். ஒவ்வொன்றும் வேறு எல்லையை அளக்கிறது. 2011 கணக்கெடுப்பை வைத்துச் சொன்னால்:

கம்பெனிக் குடியிருப்புகளும் அறிவிக்கப்பட்ட பகுதியும் (மாநகராட்சி இல்லாமல் அதிகாரிகள் குழு நடத்தும் பகுதி) சேர்ந்த நகரம் மட்டும் என்றால் சுமார் 6.3 லட்சம். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மாங்கோ சுமார் 2.2 லட்சம், ஆதித்யபூர் சுமார் 1.7 லட்சம். இவற்றோடு ஜுக்சலாய், பாக்பேரா போன்றவற்றையும் சேர்த்த நகரத்தொகுதி சுமார் 13.4 லட்சம். கிழக்கு சிங்பூம் மாவட்டம் முழுவதும் சுமார் 22.9 லட்சம். மாவட்ட எண்ணில் ஆதித்யபூர் அடங்காது, அதே மாவட்டத்தின் வேறோர் ஊரான காட்சிலா அடங்கும்.

ஆகவே எண்ணை எடுக்கும்போது வரிசையாகச் சரிபாருங்கள். முதலில், அட்டவணையின் தலைப்பில் இருப்பது நகரமா, நகரத்தொகுதியா, மாவட்டமா? அடுத்து, நகரத்தொகுதி என்றால் அதில் அடங்கிய ஊர்களின் பட்டியலில் மாங்கோவும் ஆதித்யபூரும் இருக்கின்றனவா? கடைசியாக, ஒப்பிடும் முந்தைய ஆண்டிலும் அதே ஊர்கள் இருந்தனவா? வளர்ச்சி விகிதம் திடீரென்று எகிறினால், மக்கள் குவிந்ததால் அல்ல, எல்லை விரிந்ததாலேயே இருக்கலாம். 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011க்குப் பிந்தைய எண்கள் எல்லாம் மதிப்பீடுகளே. அவற்றைக் கணக்கெடுப்பு எண்ணைப்போல மேற்கோள் காட்டாதீர்கள்.

காலவாரியாக எப்படி வளர்ந்தது?

1911இல் 5,700 பேர் அளவில். 1921இல் 57,000. பத்தே ஆண்டில் பத்து மடங்கு. போர்க்கால ஆர்டர்களும் ஆலை விரிவாக்கமும் காரணம். 1931இல் 84,000 பக்கம்தான் எட்டியது. 1920களில் விலைபோகாத எஃகு, ஆட்குறைப்பு, அதைத் தொடர்ந்த வேலைநிறுத்தங்கள் என வளர்ச்சி மந்தமானது. 1924இல் அரசு இறக்குமதி எஃகுக்கு வரி போட்டுக் காப்பாற்றியிராவிட்டால் கம்பெனியே நின்றிருக்குமா என்பது சந்தேகம்.

இரண்டாம் உலகப்போர் மறுபடி ஆட்களை இழுத்தது. 1943இல் திறந்த ஹவுரா பாலத்தின் 26,500 டன் எஃகில் 23,000 டன் இங்கே உருக்கியது. 1951இல் 2.18 லட்சம், 1961இல் 3.28 லட்சம். 1950களின் ஏற்றத்துக்கு ஆலையை 20 லட்சம் டன்னுக்கு உயர்த்திய திட்டமும் டெல்கோ லாரித் தொழிற்சாலையும் பொறுப்பு. நகரத்தொகுதி எண்ணாக 1981இல் 6.7 லட்சம், 1991இல் 8.3 லட்சம், 2001இல் 11 லட்சம்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. 1990களின் தொடக்கத்தில் டாடா ஸ்டீலில் 78,000 பேர் அளவில் வேலை செய்தார்கள். 2005க்குள் விருப்ப ஓய்வுத் திட்டங்களால் அது ஏறக்குறைய பாதியானது. ஆனாலும் ஊர் வளர்ந்துகொண்டே போனது. உற்பத்தியும் கூடியது. அதாவது ஆலை ஊரைப் பெருக்கிய காலம் முடிந்துவிட்டது. ஒப்பந்தக் கூலி, ஆதித்யபூரின் சிறுதொழில்கள், மருத்துவம், கல்வி, வணிகம் ஆகியவையே இப்போது ஆளை இழுக்கின்றன. வளர்ச்சியில் பெரும்பகுதி ஆற்றுக்கு அக்கரையில்.

அங்கே என்ன மொழி பேசுகிறார்கள்?

கடையிலும் தெருவிலும் இந்தி. வங்காளமும் போஜ்பூரியும் கலந்த ஒரு நடை. வீட்டுக்குள் வங்காளம், ஒடியா, சந்தாலி, ஹோ, போஜ்பூரி, மைதிலி, பஞ்சாபி, உருது, தெலுங்கு, குர்மாலி எனப் பல. எந்த மொழிக்கும் தனிப் பெரும்பான்மை கிடையாது என்பதால் இந்தி பொதுமொழி ஆயிற்று. ஊரைச் சுற்றிய கிராமங்களில் இறங்கினால் வங்காளமும் சந்தாலியும்தான் வண்டி ஓட்டும். சந்தாலி 2003இல் அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஏறியது. ஒல் சிக்கி எழுத்தில் பெயர்ப்பலகைகளை இப்போது பார்க்கலாம்.

மக்கள் யார் யார் என்று அறிய ஆற்றங்கரைக்குப் போனால் போதும். மகர சங்கராந்தியன்று தோமுஹானியில் சௌடல் எனப்படும் வண்ணக் காகிதக் கூடுகளோடு துசு திருநாள் பாட்டுப் பாடி வருபவர்கள் மஹதோக்களும் ஆதிவாசிகளும். தீபாவளி கழிந்த ஆறாம் நாள், அதே கரையில் மூங்கில் முறத்தில் பழமும் டேக்குவாப் பலகாரமும் ஏந்தி, இடுப்பளவு நீரில் நின்று சத் பூஜை செய்பவர்கள் பீகாரிகள். அதற்குச் சில வாரம் முன்பு அதே தண்ணீரில் துர்க்கையைக் கரைத்துவிட்டுப் போனவர்கள் வங்காளிகள்.

ஊரைத் திட்டமிட்டது யார்?

நால்வர் கைவண்ணம். ஆலையை வடிவமைத்த ஜூலியன் கென்னடி-சாலின் நிறுவனம் முதல் வரைபடத்தை அமெரிக்கக் கட்டச் சாலை முறையில் போட்டது. 1920இல் எஃப்.சி. டெம்பிள், நிலத்தின் சரிவையும் ஓடைகளையும் பின்பற்றிச் சாலைகளை வளைத்தார். கழிவுநீரைத் தாழ்வான பக்கத்துக்குத் தானாகவே இறங்கச் செய்தார். 1930களில் மேஜர் ஸ்டோக்ஸ் பசுமைப் பட்டைகளை ஒதுக்கினார். 1940களில் வந்தவர் ஒட்டோ கோனிக்ஸ்பெர்கர், நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி மைசூர் அரசின் கட்டடக் கலைஞராக இருந்தவர். பின்னாளில் புவனேஸ்வரையும் திட்டமிட்டார்.

பெரிய பூங்காவான ஜுபிலி பார்க், கம்பெனியின் பொன்விழாவுக்காக 1958 மார்ச்சில் நேருவால் திறந்துவைக்கப்பட்டது. மைசூர் பிருந்தாவனத் தோட்டம் அதற்கு முன்மாதிரி.

திட்டம் நல்லது, ஆனால் எல்லோருக்கும் போதவில்லை. கம்பெனி கட்டிய குவார்ட்டர்ஸ் எந்தக் காலத்திலும் தொழிலாளர் அனைவருக்கும் எட்டியதில்லை. மிச்சப்பட்டவர்கள் ஓரங்களில் பஸ்தி என்னும் குடிசைப் பகுதிகளைப் போட்டார்கள். அகலமான, மரநிழல் கொண்ட சாலையிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் குழாயில்லாத சந்து வரும். ஒரே ஆலையின் இரண்டு முகங்கள் அவை.

அங்கே மாநகராட்சியே கிடையாதாமே?

நகரின் நடுப்பகுதிக்கு, மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மாநகராட்சி கிடையாது என்பது உண்மை. 1924 முதல் அறிவிக்கப்பட்ட பகுதிக் குழு ஒன்று இருக்கிறது, அதை நடத்துவது அதிகாரிகள். குத்தகைப் பகுதியில் தண்ணீர், மின்சாரம், குப்பை, சாலை எல்லாம் கம்பெனியின் பொறுப்பு. 2004 முதல் அதைத் தனித் துணை நிறுவனம் பார்க்கிறது. முதலில் அதன் பெயர் ஜுஸ்கோ. இப்போது டாடா ஸ்டீல் யுஐஎஸ்எல்.

நிலம் அரசுக்குச் சொந்தம், கம்பெனி குத்தகைக்காரர். 1985இல் பீகார் அரசோடு போட்ட குத்தகை 1995 டிசம்பரில் முடிந்தது. 2005இல் ஜார்க்கண்ட் அரசு அதை 1996 ஜனவரியிலிருந்து 30 ஆண்டுக்கு, அதாவது 2025 டிசம்பர் 31 வரை புதுப்பித்தது. அப்போது 86 பஸ்திகள் இருந்த சுமார் 1,800 ஏக்கர் குத்தகையிலிருந்து விலக்கப்பட்டது. அங்கே வாழ்பவர்களுக்குப் பட்டா என்பது அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தேர்தலிலும் வாக்குறுதி. 2023 டிசம்பரில் மாநில அமைச்சரவை ஊரைத் தொழில் நகரியமாக அறிவிக்க ஒப்புதல் தந்தது.

தெரு சுத்தமாக இருக்கிறது, குழாயில் வரும் தண்ணீரை நம்பிக் குடிக்கலாம் என்பதால் பலர் இந்த ஏற்பாட்டை ஆதரிக்கிறார்கள். குறை சொல்ல வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் பஸ்திக்காரர் யாரிடம் போவது என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. எங்கள் பார்வையில் இரண்டாவதுதான் கனமானது. குவார்ட்டர்ஸ்காரருக்குக் கம்பெனியிடம் குரல் உண்டு. பஸ்திக்கு அதுவும் இல்லை.

தொழிற்சங்க வரலாறு?

எட்டு மணிநேர வேலை 1912இலேயே வந்தது. அதனால் உரசல் இல்லை என்று நினைக்க வேண்டாம். 1920இல் விலைவாசி உயர்வால் பெரிய வேலைநிறுத்தம். மார்ச்சில் துப்பாக்கிச் சூட்டில் ஐவர் இறந்தார்கள். அதில் பிறந்தது ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் சங்கம். 1928இல் ஆட்குறைப்பை எதிர்த்த வேலைநிறுத்தமும் கதவடைப்பும் மாதக்கணக்கில் நீண்டன. சுபாஷ் சந்திர போஸ் உள்ளே வந்து உடன்பாடு செய்து சங்கத்தின் தலைவரானார். உடன்பாட்டில் நிறைவில்லாத தொழிலாளர்கள் மானெக் ஹோமி என்ற தலைவரின் பின்னால் தனிச் சங்கமாகப் போனார்கள். 1942 ஆகஸ்டில் கூலிக்காக அல்லாமல் நாட்டு விடுதலைக்காக உருக்காலை நின்றது.

மதக்கலவரங்கள் நடந்ததில்லையா?

நடந்தன. 1964இல் இந்து-முஸ்லிம் கலவரம் ஒன்று. 1979 ஏப்ரலில் ராமநவமி ஊர்வலம் எந்தத் தெரு வழியே போவது என்ற தகராறு வெடித்து 108 பேர் இறந்தார்கள். நீதிபதி ஜிதேந்திர நாராயண் ஆணையம் விசாரித்தது. ஆலைக்குள் பக்கத்துப் பக்கத்தில் நின்று உலை பார்த்தவர்கள் வெளியே தனித்தனிப் பேட்டைகளுக்குக் குடிபெயர்ந்தது அதன் பின்விளைவு. மாங்கோவின் ஆசாத்நகர் போன்ற பகுதிகளின் இன்றைய மக்கள் அமைப்பை இதைச் சொல்லாமல் விளக்க முடியாது. பல இனத்தாரும் இணக்கமாக வாழும் ஊர் என்பது பெரும்பாலான நாட்களில் உண்மை. 1979ஐ விட்டுவிட்டு அதைச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் துரோகம்.

ஒரே கம்பெனி ஊர்தானா?

இல்லை, பேட்டைப் பெயர்களே சாட்சி. டின்பிளேட், டெல்கோ காலனி, ஆக்ரிகோ, பர்மா மைன்ஸ், கேபிள் டவுன் ஆகிய எல்லாம் தொழிற்சாலைகளின் பெயர்கள். எஃகு மலிவாகப் பக்கத்திலேயே கிடைத்ததால் 1920களில் தகரம், கம்பி, கேபிள், மண்வெட்டி செய்யும் ஆலைகள் வரிசையாக வந்தன. டெல்கோ 1945இல் ரயில் எஞ்சினில் தொடங்கி, 1954இல் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டில் லாரிக்கு மாறியது. கேபிள் கம்பெனி 2000இல் மூடப்பட்டது; அதன் குடியிருப்பில் சம்பளப் பாக்கிக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. 1950இல் தொடங்கிய தேசிய உலோகவியல் ஆய்வகமும், 1949இல் தொடங்கிய எக்ஸ்எல்ஆர்ஐ மேலாண்மைக் கல்லூரியும் இந்த ஊரில்தான்.

தமிழர்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள், தெலுங்கர்களை விடக் குறைவாக. கூலிக்கு வந்தவர்கள் சிலரே. பெரும்பாலும் கணக்கு, சுருக்கெழுத்து, பொறியியல் படித்து வந்தவர்கள். தென்னிந்தியர் எல்லோரையும் 'மதராசி' என்றே அழைத்த காலத்தில் மதராசி சம்மேளனி உருவானது. தட்சிண பாரத் மகிளா சமாஜ் நடத்தும் டிபிஎம்எஸ் பள்ளி கத்மாவில் இன்றும் பேர்பெற்றது. நடிகர் மாதவன் 1970இல் பிறந்தது இந்த ஊரில்தான். டாடா ஸ்டீலின் நிர்வாக இயக்குநராக 2001 முதல் 2009 வரை இருந்த பி. முத்துராமன் சென்னை ஐஐடியில் உலோகவியல் படித்தவர்.

எதிர்த்திசைப் போக்குவரத்தும் உண்டு. ஜார்க்கண்டிலிருந்து காட்பாடியில் இறங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் போவது.

ஆறுகளின் இன்றைய நிலை?

குடிநீருக்கும் ஆலைக்கும் சுபர்ணரேகாதான் ஆதாரம். தல்மா அடிவாரத்தில் 1940களில் கட்டிய டிம்னா ஏரி கோடைக்கான கையிருப்பு. அந்த ஏரிக்காகவும் ஆதிவாசிக் கிராமங்கள் மூழ்கின, இழப்பீட்டுத் தகராறு இன்னும் ஓயவில்லை.

வெள்ளம் வருவது பெரும்பாலும் ஊரில் பெய்த மழையால் அல்ல. மேலே சாண்டில் அணையின் மதகுகளையும், கர்காயின் மேல்பகுதியில் ஒடிசா அணைகளையும் ஒரே நேரத்தில் திறந்தால், சுபர்ணரேகா நிறைந்து ஓடும்போது கர்காயின் தண்ணீர் தோமுஹானியில் இறங்க இடமில்லாமல் பின்னோக்கி ஏறும். முதலில் மூழ்குவது பாக்பேரா, ஜுக்சலாய், கத்மாவின் சாஸ்திரிநகர், மாங்கோவின் கரையோரம். அங்கே வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள் பக்கத்துச் சுவரில் பழைய வெள்ளக் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

தாத்தா அங்கே வேலை பார்த்தார். விவரம் தேடுவது எப்படி?

முதலில் எந்தக் கம்பெனி என்று உறுதிசெய்யுங்கள். 'டாடாவில் வேலை' என்றால் டிஸ்கோ, டெல்கோ, டின்பிளேட் எதுவாகவும் இருக்கலாம், பதிவேடுகள் தனித்தனி. சம்பளச் சீட்டு, வைப்புநிதிக் காகிதம், சங்க அட்டை ஏதாவது ஒன்றில் பணியாளர் எண் இருக்கும். அந்த எண், பிரிவின் பெயர், சேர்ந்த ஆண்டு மூன்றும் இருந்தால்தான் தேடல் நகரும். பெயரை மட்டும் கொடுத்தால் கிடைக்காது, ஏனென்றால் தென்னிந்தியப் பெயர்களின் முதலெழுத்தைக் கண்டபடி எழுதியிருப்பார்கள். டாடா ஸ்டீலின் ஆவணக்காப்பகம் ஊரிலேயே ரூசி மோடி மையத்தில் உள்ளது. குழுமத்தின் மைய ஆவணக்காப்பகம் புனேயில்.

அரசு ஆவணங்களுக்கு ஆண்டைப் பாருங்கள். 1912க்கு முன் இது வங்காள மாகாணம், 1936 வரை பீகார்-ஒரிசா மாகாணம், 2000 நவம்பர் வரை பீகார், அதன்பின் ஜார்க்கண்ட். கிழக்கு சிங்பூம் என்ற மாவட்டம் 1990இல்தான் பிரிந்தது, அதற்கு முன் சிங்பூம் மட்டும். 1919க்கு முந்தைய கடிதங்களில் ஊர்ப்பெயர் சாக்சி அல்லது காளிமாட்டி என்றிருக்கும்.

'1932 கதியான்' என்கிறார்களே, அது இந்த ஊரைப் பாதிக்குமா?

கதியான் என்பது நில அளவையின்போது எழுதப்பட்ட உரிமைப் பதிவு. 1932 அல்லது அதற்கு முந்தைய கதியானில் முன்னோர் பெயர் இருப்பவரே மண்ணின் மைந்தர் என்ற மசோதாவை ஜார்க்கண்ட் சட்டமன்றம் 2022 நவம்பரில் நிறைவேற்றியது; அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் சேர்ந்த பிறகே நடைமுறைக்கு வரும் என்பது அதிலேயே உள்ள நிபந்தனை. நிலத்தை இழந்தவர்களுடைய கோரிக்கையின் நியாயம் தெளிவானது. அதே நேரம், 1915இல் வந்து நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பத்துக்கும் கதியான் இருக்காது. காரணம் எளிது: கம்பெனி நிலத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு நிலப்பதிவு எப்படி வரும்?

அங்கே மனை வாங்கலாமா? என்ன பார்க்க வேண்டும்?

குத்தகைப் பகுதிக்குள் நிலத்தின் முழு உரிமையை வாங்க முடியாது, கிடைப்பது உள்குத்தகைதான். வெளியே மாங்கோ, பர்சூடி, ஆதித்யபூர் பக்கம் வாங்குவோர் சிக்குவது 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்தில். அதன் 46ஆம் பிரிவுப்படி பழங்குடியினரின் நிலத்தை, அதே காவல் நிலைய எல்லைக்குள் இருக்கும் இன்னொரு பழங்குடியினருக்கே, அதுவும் துணை ஆணையரின் அனுமதியோடுதான் விற்க முடியும். பட்டியல் சாதியினர், பிற்படுத்தப்பட்டோர் நிலத்துக்கு மாவட்ட எல்லைக் கட்டுப்பாடு உண்டு.

மாநிலத்தின் ஜார்பூமி என்ற நிலப்பதிவு இணையதளத்தில் மௌசா (வருவாய்க் கிராமம்), காதா எண் (நிலக் கணக்கு எண்), பிளாட் எண் கொடுத்துக் கதியானை எடுங்கள். அதில் ரையத்தின் (நிலத்துக்கு உரிய குடியானவர்) பெயரோடு சாதியும் எழுதியிருக்கும். பிறகு நில வரிக்கான இரண்டாம் பதிவேட்டில் (ரெஜிஸ்டர் II) இப்போது வரி கட்டுபவர் யார், அவருக்குப் பெயர்மாற்றம் முறையாக நடந்ததா என்று பாருங்கள். முத்திரைத்தாளில் எழுதிய ஒப்பந்தம் ஒன்றை மட்டும் காட்டி, 'இங்கே எல்லோரும் இப்படித்தான் வாங்கியிருக்கிறார்கள்' என்று சொன்னால் விலகிவிடுங்கள். நிலத்துக்குரிய பழங்குடிக் குடும்பம் மீட்பு வழக்குப் போட்டால் நிலம் அவர்களுக்கே திரும்பும். கட்டிய வீட்டுக்குப் பணம் வராது.